பூசணிக்காயோடு அக்கரப்பத்தனைக்கு

இதைச் சொல்வது நான். எழுதுவது கினிகத்தேனைக் கடைத்தெருவில் கொமியூனிகேசன் என்கிற போன் கடை வைத்திருக்கும் பாஹிர் நானா. எனக்குக் கையெழுத்து கிடையாது, பெருவிரல்தான். ஆனால் பார்த்ததும் கேட்டதும் மறப்பதில்லை. நானாவின் வலைப்பதிவைப் படிக்கிறவர்கள், பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடாமல் ஹட்டன் பக்கம் சுற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். “இந்தப் பக்கம் ஒங்கள விட்டா அப்பிடி யாரு இருக்கா, சொல்லுங்க ஐயா” என்று உட்கார வைத்துவிட்டார். இதற்கு நனிசைவம் என்று பெயராம். பெயர் எனக்குப் புதிது. பழக்கத்துக்கு இரண்டு வருடம் ஆகிறது.

நான் போனது ஆனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. போன இடம் அக்கரப்பத்தனைக்கு மேலே, நான் வேலை செய்த தோட்டம். தேயிலைச் செடி வளர்ந்து உயர்ந்துவிட்டால் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். அதுதான் கவ்வாத்து. நாற்பத்தொரு வருடம் அந்தக் கத்தியைப் பிடித்தவன் நான். வெட்டு தொடங்கும் நாளில் கத்திகளைக் கல்லடியில் அடுக்கி, கவ்வாத்துச்சாமிக்குச் சேவல் அறுப்பது வழக்கம். அறுப்பது கூட்டத்தில் மூத்த கை. கடைசி இருபத்திரண்டு வருடம் அது என் கை.

மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. பொல்பிட்டியப் பாதையில் ஒரு தனி அறையில் இருக்கிறேன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என்னை யாராவது முறை சொல்லிக் கூப்பிடும் நாள். முழங்கால் பிடித்துக்கொண்டதால் இரண்டு வருடம் போகவில்லை. இந்த வருடம் தம்பி மகன் முருகேசு போனில், “கட்டாயம் வரணும் பெரியப்பா, ஒங்க கத்தி சும்மா கெடக்கு” என்றான். வருகிறேன் என்றேன். இனிமேல் அறுக்க மாட்டேன் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் வரவேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். நேரில் போய்ப் பேசிச் சேவலைக் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணி, அதற்குப் பதிலாக வெட்ட ஒரு சாம்பல் பூசணிக்காய் வாங்கிக்கொண்டேன். ஆறு கிலோ.

காலை 5.45க்குக் கினிகத்தேனையில் பஸ் ஏறினேன். ஹட்டன் இருபத்தைந்து கிலோமீட்டர், 130 ரூபாய். ஆறு கிலோவை மடியில் வைத்திருந்ததைப் பார்த்த கண்டக்டர், “ஐயா, புள்ளைக்கும் டிக்கெட் போடணுமா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வட்டவளை தாண்டியதும் பனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

6.50க்கு ஹட்டன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பம், சொதி, பால் விடாத பிளேன்டீ, எல்லாம் 220 ரூபாய். உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சொதி தேங்காய்ப்பாலில் செய்வது, பயமில்லை. சம்பலில்தான் மாசிக் கருவாடு ஒளிந்திருக்கும். மாசி போடாத சம்பல் கேட்டேன். பரிமாறியவர், “மாசி இல்லாம சம்பலா? அது வெறும் தேங்காப்பூ ஐயா” என்றார். அந்த வெறும் தேங்காய்ப்பூவைத்தான் தின்றேன்.

7.30க்கு அக்கரப்பத்தனை பஸ். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 190 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல். இடது பக்க சன்னல் கிடைத்தால் தலவாக்கலை வரும்வரை நீர்வீழ்ச்சிகள் தெரியும். எனக்கு அந்தப் பாதை வேறொன்றைக் காட்டும். அந்த வழியில் ஒரு கொட்டிலில்தான் என் பசு சிவப்பி பிறந்தாள். கன்றாக வாங்கி, நடத்தியே தோட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

சிவப்பிக்கு மூன்றாவது ஈற்று காளைக்கன்று. பால் விற்கிற வீட்டில் காளைக்கன்றுக்கு என்ன வேலை? பதினோராம் நாள் குளிரில் அது செத்தது. குடிக்கவேண்டிய பால் போத்தலில் போய்க்கொண்டிருந்தது என்பதை நான் அறிவேன். கன்று இல்லாமல் அவள் மடியை இறுக்கிக்கொண்டாள். செத்த கன்றின் தோலை உரித்து, மானாப்புல் திணித்து, நாலு குச்சியைக் கால் மாதிரி நட்டு அவள் முன்னால் வைத்தேன். நக்கினாள். நக்க நக்கப் பால் சுரந்தது. நாலு மாதம் அப்படிக் கறந்தேன். அப்போது என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

முழங்கால் வலியில் படுத்துக்கிடந்தபோது நினைப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. தினமும் அந்த நாக்குதான் ஞாபகம் வந்தது. மாட்டுக்குத் தீனி போடுகிறோம், கொட்டில் கட்டிக் கொடுக்கிறோம், அதனால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியே வாழ்ந்திருக்கிறேன். எங்களைப் பற்றியும், அரிசி கொடுக்கிறோம், குடியிருக்க லயம் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் தோட்டத்துத் துரைமார் சொன்னார்கள். அந்தப் பேச்சு அநியாயம் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். நானும் அதே பேச்சைப் பேசினேன் என்று தெரிய எழுபத்திநாலு வயதாகிவிட்டது. கொஞ்சம் அன்பாகக் கறந்தால் சரி, நோகாமல் அறுத்தால் சரி என்பதெல்லாம் எடுக்கிறவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். தருகிறேன் என்று அவை சொல்லவில்லை. ஆகவே எடுக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த நியாயம் இவ்வளவுதான்.

9.45க்கு அக்கரப்பத்தனை. அங்கிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ 500 ரூபாய். எனக்காகப் பூசையைப் பத்தரை மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். சாமிக் கல்லைச் சுற்றிப் பதினாறு பேர். கத்திகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாயிற்று. என் கத்தி நடுவில், புதுப் பிடியோடு. பக்கத்தில் கால் கட்டிய சேவல். கருஞ்சிவப்பு, கழுத்தில் பொன் நிறம். என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது.

முருகேசு கத்தியை எடுத்து நீட்டினான். நான் பூசணிக்காயை எடுத்து வைத்தேன்.

“நான் இதத்தான் வெட்டுவேன்ப்பா. உசுர வெட்ட மாட்டேன். அத அவுத்து விட்டுருங்க.”

என்னோடு வேலை செய்த கங்காணி இராமையாதான் வாயைத் திறந்தார். “பூசணி சாம்பாருக்கு ஆகும். சாமிக்கு ஆகுமா? ரத்தம் காட்டலன்னா கத்தி நம்ம ஆள் காலைத் தேடும்.”

இடது கையை நீட்டிக் காட்டினேன். சுண்டுவிரல் இல்லாத கை. “இந்த விரல் துண்டான வருசமும் சேவல் அறுத்தோம், இராமையா. நான்தான் அறுத்தேன். மூணாம் நாள் போச்சு.”

“சேவல் அறுத்ததாலதான் ஒரு விரலோட போச்சு” என்றார் அவர். இளவட்டங்கள் சிரித்தார்கள். ஒருவன், “தாத்தா, மலையில அட்டை கடிச்சா என்ன செய்வீங்க, சோறு போடுவீங்களா?” என்றான். பிடுங்கி இலையில் விடுவேன் என்றேன். அதற்கும் சிரிப்பு.

முருகேசு மட்டும் சிரிக்கவில்லை. என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனான். “பெரியப்பா, நீங்க வராத ரெண்டு வருசமும் நாங்க சேவல் அறுக்கல. தேங்காதான் ஒடச்சோம்.”

“அப்ப இது?”

“நீங்க வாறீங்கன்னுதான் வாங்குனோம். பழைய கை வந்து நின்னா சாமி ரத்தம் கேக்கும்னு இராமையா தாத்தா சொன்னாரு. இப்ப நேந்து விட்டாச்சு, திருப்ப முடியாது. போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். இராமையா கையை எடுத்துக் கும்பிட்டார், போதும் என்கிற மாதிரி. நான் பூசணியை வெட்டினேன். முருகேசு சேவலை அறுத்தான். நான் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான்.

லயத்தில் முருகேசுவின் பெண்சாதி, “மாசியும் ஆகாதா மாமா?” என்று கேட்டு, என் பூசணியையே தேங்காய்ப்பால் விட்டு ஆக்கித் தந்தாள். நல்ல கைப்பக்குவம். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து சேவல் கறி சாப்பிட, அந்த வாடை தாங்காமல் நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர்ப் பைப்படியில் தின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் கூட வரவும் இல்லை. அறுக்கிறவனுக்குச் சேரவேண்டிய தலைக்கறி எனக்கென்று ஒரு வாழையிலையில் காத்திருந்ததைத் திரும்பி வரும்போது பார்த்தேன்.

2.30 பஸ்ஸில் ஏறினேன். முருகேசு பஸ்வரை வந்து, சாக்கில் சுற்றிய என் கத்தியை மடியில் வைத்தான். பூசணி இருந்த இடத்தில் கத்தி. கோபமாகத் தரவில்லை. “முழங்காலுக்கு எண்ணெ போடுங்க பெரியப்பா” என்றான்.

போக நினைக்கிறவர்களுக்கு: கினிகத்தேனையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம், கடைசி பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். ஆனி, ஆடியில் மழை, பனி, அட்டை மூன்றும் இருக்கும். காலில் சவர்க்காரம் தேய்த்தால் அட்டை ஏறாது, கொல்லத் தேவையில்லை. பிளேன்டீ எங்கும் கிடைக்கும். மரக்கறி ரொட்டிக்கு எண்ணெய்தானா, பால் கலந்த மாஜரினா என்று கேளுங்கள். யார் வீட்டுக்காவது போகிறீர்களானால், நீங்கள் எதைத் தொடமாட்டீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் முகம் சுளிக்கட்டும். உங்களுக்கென்று ஓர் உயிரை வாங்கிக் கட்டிவைத்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இதைச் சொல்ல உட்காருவதற்கு முன்னால் நானாவின் போனில் முருகேசுவைக் கூப்பிட்டேன்.

“அடுத்த வருசம் நான் வரலப்பா. நீங்க தேங்காயே ஒடைங்க.”

“ஏன் பெரியப்பா, ஒடம்புக்கு முடியலயா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு” என்றேன்.