பிணத்திடம் கேட்ட கேள்வி

தாஹிரா திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்தவர். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனது தாஹிராதான். பதினோரு வருடமாக வேடசந்தூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. நாட்டுப்புறப் பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டார்; நடிக்க வைப்பார். நடவுப் பாட்டு என்றால் வகுப்பே குனிந்து நிற்கும்.

அன்று ஒன்பதாம் வகுப்பில் ஒப்பாரி. பிணமாகப் படுக்க யாரும் முன்வரவில்லை.

"ஆகாது டீச்சர். எங்கம்மா வெளக்கமாத்தாலயே போடும்," என்றான் முகேஷ்குமார்.

"படுத்தாச் செத்துருவியாடா? நான் தெனமும் படுத்து எந்திரிக்கலையா?" என்றார் தாஹிரா.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, தீபா எழுந்து வந்து பெஞ்சில் படுத்தாள். அவள் அக்கா கீர்த்தனா நூற்பாலை விடுதியில் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வயிற்றுவலி என்றார்கள் மில்லில். தெரிந்தும் தாஹிரா தடுக்கவில்லை. அழுதால் ஆறும் என்று நினைத்தார்.

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் பிணத்திடம் கேள்வி கேட்கலாம். பிணம் பதில் சொல்லும்.

"எப்படித்தா செத்த?" என்றான் முகேஷ்குமார், கேலியாக.

தீபா கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்தேன். காய்ச்சல்னு மூணு நாளாச் சொன்னேன். வார்டன் ரூமைப் பூட்டிட்டுப் போயிருச்சு. தங்கச்சிக்குப் போன்ல சொன்னேன். அவ அப்பாகிட்டச் சொன்னா. யாரும் வரல."

சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவியது.

மறுநாள் மில்லுக்கு ஆள் பிடிக்கும் தரகர் வந்தார். கூடவே நாலைந்து பெற்றோர், தீபாவின் அப்பா உட்பட. பள்ளிக்கூடத்தில் ஒப்பாரி பாடினால் ஊருக்கு ஆகாதாம். பதினேழு வயதுப் பெண்ணை மில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் மட்டும் ஆகும். பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினாலும் ஆகும். அதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாக்கு இல்லை.

தலைமையாசிரியர் சிலுவைமுத்து வெள்ளைத்தாளை நீட்டினார். "அது வெறும் நடிப்பு, புள்ள கற்பனையாப் பேசுச்சுன்னு எழுதிக் குடுங்கம்மா. இல்லாட்டி அந்தப் புள்ளைக்குத்தான் தொந்தரவு."

தாஹிரா எழுதினார். தீபாவைக் காப்பாற்றத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அடியில் தீபாவின் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்று தீபா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் நடிப்பு என்று எழுதியாகிவிட்டதால் பாடத்தை யாரும் தடுக்கவில்லை; அடுத்த வாரம் அதே பாடம். யாரும் கூப்பிடாமலே தீபா வந்து பெஞ்சில் படுத்தாள். பாட்டு முடிந்தது. முகேஷ்குமார் இந்தமுறை கேலி பண்ணவில்லை. "எப்படித்தா செத்த?" என்றான் மெதுவாக.

தாஹிரா குனிந்தார். "சொல்லுத்தா. நம்ம வகுப்புல பொணம் பேசலாம்ல?"

"வயித்துவலி டீச்சர்," என்றாள் தீபா.