ஐஸ் பெட்டிக்குள் ஒரு மூக்கு

போன சனிக்கிழமை என் மகள் சுதா வீட்டுக்கு ஒரு மூக்கைக் கொண்டுவந்தாள்.

பயப்படாதீர்கள். ரத்தம் எதுவும் இல்லை. ஒரு தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸுக்குள் சுண்டுவிரல் பருமனில் மூன்று பிளாஸ்டிக் குப்பிகள். மனித மூக்கில் வாசனையைக் கண்டுபிடிக்கிற புரோட்டீனாம். யார் மூக்கையும் அறுத்து எடுக்கவில்லை. அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செருகி, 'நீயே செய்து கொடு' என்று வேலை வாங்கியிருக்கிறார்கள். மூன்று வருஷ உழைப்பு. சுதாவின் டாக்டர் பட்டமே அந்தக் குப்பிகளுக்குள்தான் இருந்தது.

ஆய்வுக்கூடத்து ஃப்ரீஸர் ரிப்பேர். மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார். ஞாயிறன்று அவளுக்குப் பெங்களூரில் கருத்தரங்கு. அப்படியானால் காவல் யார்? நான்தான்.

"ரெண்டே விஷயம்ப்பா. ஐஸ் உருகக் கூடாது. குப்பியோட மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தா கெட்டுப்போயிடும்."

"என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?"

அவள் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் கரண்ட் போனது. சாயங்காலம்தான் வருமாம். குப்பிகளை வைத்திருந்த எங்கள் ஃப்ரிட்ஜ் சொட்ட ஆரம்பித்தது... எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. குப்பிகளை மறுபடி பெட்டிக்கு மாற்றி, ஐஸ் தேடிக் கிளம்பினேன். மாடியிலிருந்து இறங்கிவந்த வீட்டுக்காரர் வழிமறித்தார்.

"பெட்டியில என்ன சார்?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மனுஷ மூக்கா! யாரோடது?"

"யாரோடதும் இல்ல சார். பாக்டீரியா செஞ்சது."

"அது சரி. மொதல்ல யாரோ ஒருத்தர் குடுத்திருக்கணுமில்ல... அவர் எந்த ஊரு?"

எந்த ஊர் என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? நான் நடையைக் கட்டினேன். "சார், லேசா மோந்து பாக்கலாமா?" என்ற குரல் பின்னால் வந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் ஜப்பார் பாயின் ஜூஸ் கடை. ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைத்திருப்பார்.

"இன்னா சார், லீவு நாள்ல டப்பா தூக்கிகினு வர்றீங்க? உள்ள இன்னா கீது?"

விஷயத்தைச் சொன்னேன். பாய் ஐஸை உடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"பொடி போட்டுப் போட்டு உங்க மூக்கு பூட்ச்சுன்னு, பாப்பா ஸ்பேர் செஞ்சு குட்த்துகீதா?"

நான் இருபது வருஷமாக மூக்குப்பொடி போடுகிறவன். பெட்டி நிறைய ஐஸைக் கொட்டிவிட்டு அவரும் குனிந்தார். "ஒரே ஒரு தபா மோந்து பாக்கறேன் சார்."

"திறக்கக் கூடாது பாய்!"

என்ன மனிதர்கள்! பல்லாவரத்துத் தோல் பதனிடும் வாடைக்கு ரயிலில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள், மூக்கு என்று சொன்னால் மோந்து பார்க்கத் துடிக்கிறார்கள். மோந்து பார்ப்பது மூக்கின் வேலை. அந்த மூக்கையே ஏன் மோந்து பார்க்க வேண்டும்? நம் ஜனங்களின் விஞ்ஞான அறிவை நினைத்து வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் மனைவி கண்ணயர்ந்தாள். கூடத்தில் நானும் பெட்டியும் மட்டும்.

ஒரு குப்பியைத் திறந்தேன். மோந்தேன்.

ஒரு வாசனையும் இல்லை!

மூடிவிட்டேன். அதன் பிறகுதான் சுதா சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று வருஷம்... என் ஒரே மூச்சில் போய்விட்டதா?

திங்கட்கிழமை காலை பெங்களூரிலிருந்து நேரே வந்த சுதா, குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மூன்றாவதில் அவள் கை நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அப்பா, இதுல பொடி வாசனை வருது."

எத்தனை புரோட்டீன் தயாரித்தால் என்ன, பெற்ற பெண்ணின் சொந்த மூக்குக்கு ஈடாகுமா? ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அன்று முழுக்க டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பொடி டப்பாவைத் தொடவில்லை. ஐந்து மணிக்கு மணி அடித்தது.

"ரெண்டு குப்பி நல்லா இருக்குப்பா. வேலைக்கு அது போதும்."

"மூணாவது?"

"உங்க பேரை ஒட்டித் தனியா வச்சுட்டேன்."

ஆனாலும் ஒரு பெருமை... ஆய்வுக்கூடத்து ஃப்ரீஸரில் இன்று என் பெயரில் ஒரு மூக்கு இருக்கிறது - 'ஆராய்ச்சிக்கு உதவாது' என்ற குறிப்போடு.