கை மட்டும் இருக்கட்டும்

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

தார்தோ குளியலறையில் சிவப்பு விளக்கின் கீழே நின்றிருந்தார். தட்டில் ஊற்றிய மருந்துத் தண்ணீருக்குள் ஒரு படம் மெல்லக் கண் திறந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் கறுத்துப் போகும். அக்கா நிபியாவுக்கும் அது தெரியும். ஆனாலும் தட்டினாள்.

“டேய் தார்தோ, உன்னைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்காங்க.”

“நாலே நிமிஷம்க்கா.”

“நாலு நிமிஷம்னு சொல்லிச் சொல்லியே முப்பது வருஷமா என்னைக் குளிக்க விடாம நிக்க வெச்சிருக்க. ரோச்சாவுலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்காங்கடா. நூலகத்துல மாட்டியிருக்கிற உன் படத்தைப் பார்த்தாங்களாம்.”

தன் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தேடி வருவதா? ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அது நடந்திருக்கிறது.

மொண்டேவிதேயோவில் செர்ரோ குன்றுக்குப் போகும் பஸ்ஸில் இருபத்தாறு வருடமாக அவர் கண்டக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், டிக்கெட் கிழிக்கவே நேரம் போதவில்லை என்பார். ஒரு விதவையிடம் மாதத் தவணையில் வாங்கிய பெட்டிக் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்க வேண்டும். சட்டைப் பித்தானைச் சரி செய்கிற மனுஷன் என்றே தெருவில் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் இப்படியே திருட்டுத்தனமாக அவர் எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல்.

புதன்கிழமை சாயங்காலமானால் செருப்புக்கடைக்குக் கீழே நிலவறையில் இயங்கும் புகைப்படக் கழகத்துக்குப் போவார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. படங்களைப் பெயர் போடாமல் மேஜையில் பரப்ப வேண்டும். எல்லாரும் முறை வைத்துக் குறை நிறை சொல்வார்கள். எடுத்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் அவர் கையைத் தூக்கி, ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும், “விளக்கம் வேணாம், படம் பேசட்டும்” என்று செயலாளர் வால்கிரியா அம்மாள் பேனாவால் மேஜையைத் தட்டுவாள். பதினோரு வருடத்தில் தார்தோ நன்றி சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. நல்ல வார்த்தை மட்டும் வந்ததே இல்லை.

போன வருடம்தான் முதலில் வந்தது. சந்தையில் எடுத்த ஒரு படத்துக்குச் சிறப்புப் பாராட்டு கொடுத்து, இந்த வருடம் நூலகக் கூடத்தில் மாட்டினார்கள். கழகத்தில் ஒளி காட்டி, கறுப்புத் தாளில் சுற்றி எடுத்துவந்த இரண்டாவது பிரதிதான் இப்போது தட்டில் துலங்கிக்கொண்டிருந்தது. ஆளுயரக் கண்ணாடி விற்கும் கிழவர் முக்காலியில் தூங்குகிறார். அவர் விற்கிற கண்ணாடிக்குள் தெருவே நடந்து போகிறது. இடது ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை ஒன்றை உள்ளே நீட்டுகிறது. கைக்கு உரிய ஆள் படத்தில் இல்லை.

படத்தை அலசிக் கொடியில் மாட்டிவிட்டு, தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே மழை. மழை பெய்தால் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறும். நிபியாவும் முன்னறை மூலை அடுப்பில் மாவைத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தொப்பலாக நனைந்த கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

“என் பேரு எர்லிந்தா. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மழைக்கு ஒதுங்கி நூலகத்துல நுழைஞ்சேன். அங்கதான் உங்க படம். இந்த விலாசமும் அங்கதான் குடுத்தாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா. பிடிச்சிருந்ததா?”

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“அந்தக் கை என் பையன் ஃபேர்மினோட கை.”

தார்தோ எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மூணு வயசுல கொதிக்கிற பால்ல கைய விட்டான். மணிக்கட்டுலேர்ந்து பாதிக் கை வரைக்கும் தோலு சுருங்கிப் போச்சு. அந்தக் குடுவை அவங்கப்பாவோடது, பித்தளை விளிம்புல ஒரு நெளிசல் இருக்கும். எல்லாத்தையும் பார்த்துட்டேன். மீதியையும் பார்க்கணும் ஐயா. அதுக்குத்தான் வந்தேன்.”

“மீதியா?”

“முகத்தை. நான் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவருக்கும் இவனுக்கும் ஆகல. பதினெட்டு வயசுல கோவிச்சிட்டுக் கிளம்பினவன். ஆறு வருஷம் வரவே இல்ல. இந்தப் பிப்ரவரியில ஆத்துக்கு அந்தப் பக்கம் புவெனோஸ் ஐரிஸ்ல கட்டட வேலை பார்க்கிறப்ப சாரம் சரிஞ்சு…” அவள் கோட்டுப் பித்தானைத் திருகினாள். “நான் ஆத்தைத் தாண்டிப் போறதுக்குள்ள புதைச்சிட்டாங்க. தாடி வெச்சிருந்தான்னு கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்க. தாடி வெச்ச என் பையனை எனக்குத் தெரியாது. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்.”

நிபியா அடுப்பைத் தணித்தாள். அண்ணாந்து தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், எடுத்துக் கொடேன்டா என்ற கெஞ்சல் இருந்தது.

எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை.

“முகம் இல்லம்மா,” என்றார். “வெட்டியாச்சு.”

“படத்துலதானே வெட்டினீங்க? ஃபிலிம் இருக்குமே. ஸ்டுடியோக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

“ஃபிலிமையே வெட்டிட்டேன். என் கேமராவோட ஃபிலிம் அகலம். படத்தைப் பெருசாக்க எங்க கழகத்துல ஒரே ஒரு மிஷின்தான் இருக்கு, அதுல சின்ன ஃபிலிம்தான் போகும். அதனால எந்தப் பகுதி வேணும்னு முதல்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணுவோம். அப்புறம் அந்த அளவுக்குக் கத்தரிக்கோலால வெட்டிடுவோம். மீதித் துண்டு குப்பைக்குப் போயிடும்.”

“எல்லாரும் பேசியா?”

“ஆமா.”

“அப்ப அன்னிக்கு எல்லாரும் அவனைப் பார்த்திருக்காங்க.” அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதைப் பார்க்கவே பயமாக இருந்தது. “என்ன சொன்னாங்க அவனைப் பத்தி? அதையாவது சொல்லுங்க.”

தார்தோ எத்தனையோ பேருடைய படங்களுக்குக் குறை சொன்னவர். கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டு மூலைச் சட்டங்களை வைத்து மறைத்துக் காட்டி, இந்தக் கிழவியைத் தூக்கு, அந்தச் சைக்கிள்காரனை எடு என்று சுலபமாகச் சொல்லியிருக்கிறார். அப்படித் தூக்கப்பட்டவர்களில் ஒருவருடைய தாயார் ஈரக் கோட்டோடு எதிரே வந்து உட்காருவாள் என்று யார் நினைப்பார்கள்?

“ரூபென்னு ஒரு பல் டாக்டர் இருக்காரு,” என்று தொடங்கினார். “உங்க பையன் கையிடுக்குல மாத்தேக்கு வெந்நீர் பிளாஸ்க் வெச்சிருந்தான். ‘மறுபடியும் பிளாஸ்க்கா? இந்த ஊர்ல பிளாஸ்க் இல்லாம ஒருத்தன் படம் எடுத்தா அவனுக்கு இலவசமா பல்லு கட்டுறேன்’னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“நீங்களுமா?”

“நானும்தான். சிரிக்கலைன்னா எடுத்தது நான்தான்னு தெரிஞ்சிடுமே.”

“அப்புறம்?”

“அப்புறம் வால்கிரியா அம்மா. ‘ஓரத்துல நிக்கிறவன் கேமராவைப் பார்த்துட்டான். தெரியாம எடுக்கிற படத்துல ஒருத்தன் பார்த்துட்டா அது தெருப் படம் இல்ல, கல்யாணப் படம். கண்ணை இழுக்கிறான், தூக்கு. கை மட்டும் இருக்கட்டும், யாரோட கைன்னு தெரியாம இருந்தா அழகு’ன்னாங்க.”

“நேராவா பார்த்தான்?”

“நேரா பார்த்தான்.”

“சின்ன வயசுலேயே அப்படித்தான்,” என்றாள் எர்லிந்தா. “ஸ்கூல் போட்டோவுல மத்த பிள்ளைங்க மரமாட்டம் நிக்கும். இவன் மட்டும் ஓரத்துலேர்ந்து போட்டோகாரருக்குக் கை காட்டிக்கிட்டிருப்பான். டீச்சர் திட்டுவாங்க.”

தார்தோ எழுந்தார். பீரோவுக்கு மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கி, அதிலிருந்து உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு படத்தை எடுத்தார். கழக மேஜையில் அன்று வைத்த முழுப் படம் அதுதான். வெட்டுவதற்கு முன்னால் ஃபிலிமின் அளவிலேயே போட்ட ஒரே பிரதி. அதைக் காட்டாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். முடியவில்லை.

அவர் நீட்டிய பூதக்கண்ணாடியை அவள் வாங்கிக் குனிந்தாள். நிபியாவும் அவள் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தாள்.

பட்டாணி அளவு முகம். அதன்மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. வால்கிரியா அம்மாள் எதையும் அழுத்தித்தான் எழுதுவாள். பேனா முனை காகிதத்தின் மேல்தோலைக் கிழித்து, நெற்றி, கண், மூக்கு என்று எல்லாவற்றையும் உழுதுவிட்டிருந்தது. தாடையில் கொஞ்சம் தாடியும் ஒரு காதும் மிச்சம் இருந்தன.

“இந்தக் கோட்டை அழிக்க முடியாதா?”

“முடியாதும்மா. மை இல்ல அது, கிழிசல். ரெண்டு தடவை பஞ்சால துடைச்சுப் பார்த்தேன். அதுலதான் வாயும் போச்சு.”

“படுபாவி,” என்றாள் நிபியா. அது வால்கிரியாவுக்கா தம்பிக்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

எர்லிந்தா அழவில்லை. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “உங்ககிட்ட ஏதாச்சும் பேசினானா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். ஒரு வருடமாக அக்காவிடம்கூட அவர் சொல்லாத ஒன்று இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள். ஆனால் பதினோரு வருடம் வாய்க்குள் கிடந்த பேச்செல்லாம் ஒன்றாய்த் திரண்டு வெளியே முட்டியது.

“பேசினான்.”

அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“படம் எடுத்ததும் என் பக்கத்துல வந்தான். குடுவைய நீட்டி, ‘ஒரு வாய் குடிங்க பெரியவரே, ஒளிஞ்சு ஒளிஞ்சு எடுத்துக் களைச்சுப் போயிருப்பீங்க’ன்னான். குடிச்சேன். அப்புறம், ‘இந்தப் படத்துல எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா, ஊருக்கு அனுப்பணும்’னான். யாருக்குன்னு கேட்டேன்.”

“யாருக்குன்னான்?”

“‘எங்கம்மாவுக்கு. தாடியைப் பார்த்தா திட்டுவாங்க. திட்டுறதுக்காவது ஒரு கடுதாசி எழுதுவாங்க இல்ல’ன்னான்.”

அடுப்பில் எண்ணெய் தீய ஆரம்பித்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

“அடுத்த ஞாயித்துக்கிழமை இதே கண்ணாடிக்கடையாண்ட வா, தரேன்னு சொன்னேன். நடுவுல புதன்கிழமை வந்துது. எல்லாரும் பேசி முடிச்சாங்க. என் முறை வந்துச்சு. ‘இந்தப் பையன் காப்பி கேட்டிருக்கான், ஒரு படம் போட்டுட்டு அப்புறம் வெட்டுறேன்’னு சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொல்லணும். கையைத் தூக்கினேன். ‘நன்றி’ன்னேன். பத்து வருஷத்துக்கு மேல அது ஒண்ணுதான் வாயில வரும். அன்னிக்கே வெட்டிட்டேன். முதல் தடவையா என் படம் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்களே அம்மா. அந்த மயக்கம்.”

“ஞாயித்துக்கிழமை?”

“போகல. கைய மட்டும் எப்படிக் கொண்டுபோய்க் குடுக்கிறது? வேற தெருவுல நின்னு படம் எடுத்தேன். அதுக்கடுத்த வாரமும்.”

“அவன் வந்திருப்பான்,” என்றாள் எர்லிந்தா. “சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பான். அந்தப் பழக்கம் அவனுக்கு எங்கிட்டேர்ந்து வந்தது.”

மழை ஓய்ந்திருந்தது. தார்தோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் செய்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளோ கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

அவர் உள்ளே ஓடி, கொடியிலிருந்த ஈரப் படத்தை எடுத்து வந்தார். “இதையும் அந்தச் சின்னப் படத்தையும் நீங்களே வெச்சுக்கங்கம்மா.”

“சின்னது வேணாம்,” என்றாள். “அந்தக் கிழிசலைப் பார்த்துப் பார்த்து, கடைசியில எனக்கு அவன் முகமே அப்படித்தான் ஞாபகத்துல நிக்கும். கையக் குடுங்க. கை அவனோடதுதான், அதுல சந்தேகமில்ல.”

நிபியா படத்தைச் செய்தித்தாளுக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தாள். பொரித்ததில் நான்கைந்தை ஒரு பொட்டலமாக்கி, பஸ்ஸில் சாப்பிடச் சொல்லிக் கையில் திணித்தாள். எர்லிந்தா வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள், மரியாதை தெரிந்த குடும்பத்துப் பெண்ணாகையால், வந்த வீட்டாரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி நின்றாள்.

“நீங்க முதல்லயே கேட்டீங்க, நான்தான் பதில் சொல்லல. படம் நல்லாத்தான் இருக்கு ஐயா.”

தார்தோவின் கை தானாகவே தோள்வரை உயர்ந்தது. சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. சுருட்டிய செய்தித்தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். நிபியா கதவைச் சாத்தினாள்.