மோட்டார் இல்லாமல் ஒமேகா

கருங்குழியில் ரவிக்கை தைக்கும் வேண்டாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: அவள் தைத்த கழுத்து வளைவைப் பார்த்துத்தான் நிலா வெட்கப்பட்டுத் தேய்கிறதாம். பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதி நிஜம்.

கல்யாண ஸ்டுடியோவில் கழித்துப்போட்ட கேமராவையும் கைமாறி வந்த சின்னத் தொலைநோக்கியையும் மொட்டைமாடியில் ஏற்றிவைத்திருந்தாள். சித்திரையில் தெற்கே ஏறும் ஒமேகா சென்டாரியைப் படம் பிடிக்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு அது மங்கலான பொட்டு. உள்ளே லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாய்த் திரண்ட கொத்து. அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினத்து வானியல் மன்றக் கண்காட்சியில் தொங்க வேண்டும்.

மன்றச் செயலாளர் ஹேமந்த் முதல் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நட்சத்திரங்களெல்லாம் கோடு கோடாய் இழுபட்டிருந்தன.

“வானம் நகருதேம்மா. அதுக்கு ஈடா மோட்டார் திருப்பணும். கையால திருகினா இப்படித்தான். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம் கீதுல்ல சார்?”

லாரி ஓட்டும் புருஷன் ஆனந்தன் வீட்டில் சிரித்தான். “சேமியாவ போட்டோ புட்ச்சிகினு வந்து நட்சத்திரம்ன்ற. இது உருண்டையா வந்துச்சின்னா என் மீசைய எடுத்துட்றேன்டி.”

“கத்திரி என்னாண்டதான் கீது. பேச்சு மாறாதய்யா.”

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் மேகம் விலகியது. காற்றில் தொலைநோக்கியின் முக்காலி ஆடாமலிருக்க இஸ்திரிப் பெட்டியை அதில் கட்டித் தொங்கவிட்டாள். முதல் பத்துப் படமும் சேமியாதான். நட்சத்திரம் விலகியதைப் பார்த்துப் பார்த்துத் திருகியதுதான் பிசகு என்று அப்போது உறைத்தது. கழுத்து வளைவு வந்தால் பெடலை விட்டுவிட்டு மெஷின் சக்கரத்தைக் கையால்தானே உருட்டுவாள்? ஊசி கோட்டைத் தாண்டிய பிறகா திருத்துகிறாள்? தாண்டவே விடுவதில்லையே!

தொலைநோக்கியோடு ஒட்டியிருந்த, குறி பார்க்கும் துணைக்குழாயின் குறுக்குக் கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தினாள். அதுதான் ஊசி. தொலைநோக்கியைத் திருப்பும் திருகாணியை மெல்ல மெல்ல உருட்டினாள். படத்துக்கு இருபது விநாடி; அறுபது படங்கள். மாடியேறி வந்த ஆனந்தன் இருமக்கூடப் பயந்து நின்றான். இவளோடு நமக்கெதற்கு வம்பு என்று வானமே அவள் விரல் சொன்னபடி நகர்ந்ததாகக் கேள்வி.

விடியுமுன் அறுபதையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நடுவில் குவித்த ரவைபோல நெருக்கம், ஓரத்தில் சிதறல். ஒவ்வொரு நட்சத்திரமும் கடுகாய் உருண்டை.

மன்றத்தில் ஹேமந்த் அதைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். “மோட்டார் எப்பம்மா வாங்குனீங்க?”

வேண்டா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினாள்.

அவர் தன்னுடைய நிலாப் படத்தைக் கழற்றிவிட்டு, சுவரின் நடுவில் அவள் படத்தை அச்செடுத்து மாட்டினார். கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசையில் ஆனந்தன் மட்டும் ஒரு கையால் தொடையில் தட்டினான். இன்னொரு கை மூக்குக்குக் கீழே கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தது.

“இன்னா அண்ணாத்த, பல்வலியா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“இல்லபா,” என்றான் ஆனந்தன். “ஒமேகா சென்டாரி.”