தொங்கானில் கட்டிய தாலி

என் கல்யாணம் தொங்கானில், அதாவது சரக்குப் படகில், நடந்தது என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை மலாயாவில் தெலுக் ஆன்சன் ஆற்றங்கரையில் படகு பழுதுபார்க்கும் தச்சர். நான் பீடோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவள். முகூர்த்த நாள் நெருங்கும் நேரத்தில் சேதி வந்தது: மாப்பிள்ளை படகை விட்டு இறங்க மாட்டாராம்.

விஷயம் இதுதான். ரப்பர் ஏற்றிப் போகிற தொங்கான் ஒன்றைக் கரையேற்றி, அவரும் அவர் அண்ணனும் சொந்தக் காசில் பலகையும் ஆணியும் வாங்கிப் போட்டுப் புதுசாக்கியிருந்தார்கள். படகு முதலாளி கூலியும் தரவில்லை, சாமான் காசும் தரவில்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் விவரம் சொன்னார். "படகு உங்க கையில இருக்கிற வரைக்கும் காசு குடுக்காம அவரு கொண்டுபோக முடியாது. கைய விட்டுட்டீங்க, அப்புறம் பினாங்கு வரைக்கும் அவரு பின்னாடி அலையணும்லா."

அதிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் சாப்பாடு, தூக்கம் எல்லாம் தொங்கானில்தான். முதலாளி லேசுப்பட்டவரா? "கல்யாணத்துக்கு இறங்கித்தானே ஆகணும், அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்று காப்பிக்கடையில் சொன்னாராம். தாய் தகப்பன் இல்லாத மாப்பிள்ளைக்கு அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும். இருவரும் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டால் படகு போச்சு.

அப்பா குதித்தார். "பொண்ண விடப் படகு பெருசாப் போச்சா அவனுக்கு?" எனக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் அந்தக் கூலி வராமல் போனால் குடித்தனம் நடத்தித் திண்டாடப்போவது நான்தானே.

"அவரு இறங்க வேணாம்ப்பா. நாம ஏறிருவோம்" என்றேன்.

மேளக்காரரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினோம். பாய்மரத்தில் வாழை கட்டியிருந்தார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பலகைமேல் நடந்து ஏறினேன். புதுத் தார் வாடைக்கு நடுவில் என் கழுத்தில் தாலி ஏறியது.

அட்சதை போட்டு முடிந்த நேரத்தில் முதலாளி வந்தார். படகில் கல்யாணம் என்ற சேதி அவருக்கு எட்டியிருந்தது; இனி இவர்கள் இறங்கப்போவதில்லை என்பதும் புரிந்திருக்கும். சும்மா வரவில்லை. நோட்டுக்கட்டை மொய்த்தட்டில் வைத்து, "நம்ம மொய்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எண்ணிப் பார்த்தால் கூலியும் சாமான் காசும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மொய் என்றால் நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டும். அவருக்கு வரிசையாகப் பெண் பிள்ளைகள். உழைத்த கூலியைக் கடனாக வாங்கிக்கொள்ள நான் என்ன கிறுக்கியா?

என் முகத்தைப் பார்த்ததுமே, புதுப்பெண் வாய் திறக்கக் கூடாது என்று அத்தை தொடையில் கிள்ளினாள். திறந்தேன்.

"முதலாளி, இது கூலி. கூலின்னு சொல்லி இவங்க கையில குடுங்க. மொய் வைக்கிறதுன்னாத் தனியா வைங்க."

மேளம் நின்றுவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நோட்டுக்கட்டை எடுத்து, "கூலி" என்று சொல்லி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பிறகு தட்டில் ஒரு வெள்ளி நோட்டு வைத்தார். அந்த ஒரு வெள்ளியை அவருடைய மூத்த பெண் கல்யாணத்தில் நானே போய் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பலகையில் இறங்கும்போது என் கையைப் பிடித்திருந்தவர் மெல்லக் கேட்டார். அந்தக் காலையில்தான் என் குரலையே அவர் முதன்முதலாகக் கேட்டிருந்தார்.

"அடுத்த படகுக்குக் கூலி பேசறப்ப நீயும் கூட வாரியா?"

"வாரேன்" என்றேன்.