விசில் இல்லாமல் ஒரு ரிவர்ஸ்

என் அக்கா பஸ் கண்டக்டர். மாமா அதே பஸ்ஸின் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பே அவள் விசிலுக்கு அவர் வண்டி நின்றது. பிறகும் அது ஒன்றுக்குத்தான் நின்றது. அவள் சொன்ன வேறு எதற்கும் மனிதர் காது கொடுத்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற கையோடு மாமா இன்ஜின் வைத்த ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். கரையை ஒட்டியே நாடு நாடாகப் போகலாம் என்றார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நான் கத்தினேன். அக்கா பீரோவைத் திறந்து, பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

கடலில் போவதுகூடப் பரவாயில்லையாம், அயல்நாட்டுப் படகுத்துறைகளில் நிறுத்துவதுதான் உயிரை வாங்குமாம். இரண்டு படகுகளுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைய வேண்டும். திசை திருப்பும் சக்கரம் படகின் நடுவில் இருந்தது. பின்னால் கட்டித் தொங்கிய ரப்பர் படகு மாமாவின் பார்வையை அடியோடு மறைத்தது. அதனால் அக்கா படகின் பின்கோடியில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கயிற்றையும் பிடித்து நிற்பாள். வாயில் விசில். இரண்டு ஊதினால் வரலாம், ஒன்று ஊதினால் நிற்கணும். பஸ் ஸ்டாண்டில் செய்த அதே வேலை.

ஒரு துறையில் பக்கத்துப் படகுக்காரர்கள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவுக்கு மானம் போய்விட்டது.

"இனிமே அதை ஊதாத. எல்லாரும் கையாலதான் காட்டுறாங்க. நீயும் காட்டு."

"எனக்கு இருக்கிறது ரெண்டு கைங்க."

"சொன்னதைச் செய்."

அடுத்த துறைக்குப் போய்ச் சேரும்வரை அக்கா அவரோடு பேசவில்லை.

அங்கே பக்கவாட்டில் காற்று வெளுத்து வாங்கியது. பக்கத்துப் படகில் இடித்துவிடுவோமோ என்று மாமா பதறிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் போட்டுத் திரும்பிப் பார்த்தார். ரப்பர் படகுக்கு அப்பால் கை தெரிந்தது, வா என்றது. மறுபடி பார்த்தபோது கை இல்லை.

கோபத்தில் காட்டாமல் நிற்கிறாள் என்று நினைத்தார் அந்தப் புத்திசாலி. ரிவர்ஸ் லிவரை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

கை காட்டுவதற்காகக் கம்பியை விட்டிருந்தாள் என் அக்கா. படகு ஒரு குலுங்கு குலுங்கியதும் தண்ணீரில் விழுந்துவிட்டாள். பின்னோக்கி வரும் படகு, அதன் அடியில் சுழலும் விசிறி, முதுகுக்குப் பின்னால் கல் மேடை. கத்த வாயைத் திறந்தாள், உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது. மேடையில் நின்றவர்கள் என்னவோ மொழியில் அலறினார்கள். காற்றில் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கால் மாட்டில் தண்ணீர் சுழற்றி இழுப்பதை அவள் உணர்ந்தாள். அப்போதுதான் கழுத்தில் கிடந்தது கைக்குத் தட்டுப்பட்டது.

ஒரே ஒரு விசில்.

படகில் இல்லாத பிரேக்கை மாமாவின் வலது கால் ஓங்கி மிதித்தது. மிதித்த பிறகுதான் கை லிவரைத் தள்ளியது, இன்ஜினை அணைத்தது. படகு காற்றோடு போய்ப் பக்கத்துப் படகில் மோதி, கம்பியெல்லாம் வளைந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஓடிப்போய்க் குப்புறப் படுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். யார் யாரோ வந்து தூக்கிவிட்டார்கள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கழன்று போன செருப்பு மட்டும் கொஞ்ச நேரம் கழித்து இரண்டு துண்டாக மேலே வந்து மிதந்தது.

அக்கா சொன்னதையும் மாமா மழுப்பியதையும் சேர்த்துத்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். மிச்சத்தை நானே பார்த்தேன். மாமாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று விமானம் ஏறிப் போய், அடுத்த நாட்டுத் துறையின் மேடையில் காத்திருந்தேன். படகு துறையின் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். துறை முழுக்க வேடிக்கை பார்த்தது.

"ஊதும்மா!" மாமாவின் குரல் அத்தனை பேர் முன்னாலும் உடைந்தது. "நீ ஊதாம நான் எடுக்க மாட்டேன்!"

அக்கா அவசரப்படவில்லை. அவரைக் கொஞ்சம் தவிக்கவிட்டாள். பிறகு இரண்டு முறை ஊதினாள்.

யாரோ சிரித்தார்கள். நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு, அக்கா வீசிய கயிற்றை வாங்கக் கை நீட்டினேன். கயிறு கட்டி முடித்து, அக்கா மேடையில் கால் வைக்கும்வரை மாமா சக்கரத்தைவிட்டு நகரவில்லை. அவருடைய வலது கால் படகின் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டே இருந்தது.