வட்டக்கச்சியில் ஒரு ஹெவி மெற்றல் கோஷ்டி

எங்கள் குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கிளிநொச்சிச் சந்தையில் நின்று கேட்டாலும் ஒருவருக்கும் தெரியாது. "அந்தக் கத்துற பெடியள்" என்று கேட்டுப்பாருங்கள், சில பேர் தலையாட்டுவார்கள். அவர்களிலும் பாதிப் பேர் ஏசிவிட்டுத்தான் தலையாட்டுவார்கள். வன்னியில் ஹெவி மெற்றல் வாசித்த கோஷ்டியின் வரலாறு அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் அதில் பாடியவனையும் அவனுடைய அம்மாவையும் நினைத்தால் அப்படி முடிக்க மனம் வருவதில்லை.

நாங்கள் நாலு பேர், ஒரே பள்ளிக்கூடம். நான் ட்ரம்ஸ். ஒருவன் கிற்றார், இன்னொருவன் பேஸ் கிற்றார், நாலாவது ஆள் பாடகன். கிற்றார்காரனின் மச்சான் ஒருவர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து போகும்போது ஒரு மெமரி கார்ட்டை விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்த பாட்டுகளை இரணைமடு வாய்க்கால் கட்டின் மேல் குந்தியிருந்து ஃபோனில் கேட்டோம். தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு மனிதன் கத்துகிறான், அவனுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ட்ரம்ஸ். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்காதவன் ஒருவன்தான். "திரும்பப் போடு" என்றான். போட்டோம். "இன்னொருக்காப் போடு" என்றான்.

அடுத்த நாள் அதே வாய்க்கால் கட்டின் மேல் நின்று அவன் வாயைத் திறந்தான். வயலுக்குள் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது ஆசிரியருக்குக்கூடக் கேட்காமல் பதில் சொன்ன பிள்ளை அவன். எங்கே பழகினாய் என்று கேட்டோம். "பழகேல்லை. தானா வருது" என்றான். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசித்துத் திரிந்த ஒரு இசைக்குழு பிரிந்துபோனபோது அவர்களுடைய ட்ரம்ஸ் என்னிடம் வந்தது. இந்த இசைக்கு இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்க வேண்டும். அதற்கான இரட்டை மிதிக்குக் கிளிநொச்சியில் எங்கே போவது? நான் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜில் வேலை செய்கிறவன். பழைய சைக்கிள் செயினையும் ஸ்பிரிங்கையும் வைத்து நானே ஒன்றை ஒட்டி எடுத்தேன். அது வேலை செய்த அன்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. கிற்றார்காரன் வீட்டு விறாந்தையில் வைத்து முழு வேகத்தில் அடித்தேன்.

நிறுத்தியபோது பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால், அந்த வீட்டு அக்கா பிள்ளைகள் இரண்டையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் நிலத்தில் குப்புறக் கிடக்கிறார். அந்தச் சத்தம் எங்கள் சனத்துக்கு எதை நினைவூட்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் பதுங்கு குழிக்குள் கிடந்து வளர்ந்தவர்கள்தான். வெட்கமாகப் போய்விட்டது. அன்றே சாமான்களைக் கட்டினோம்.

அதற்குப் பிறகு இடம் மாறுவதே வேலையாகிவிட்டது. ஒரு வீட்டில் அவன் பாடத் தொடங்கிய கையோடு "ஆரப்பா செத்தது?" என்று கேட்டுக்கொண்டு வேலிக்கு மேலால் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு இடத்தில் வீட்டுக்காரரே வந்து ஃபியூசைக் கழற்றினார். மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக இடம்பெயர்வது எங்களுக்கு என்ன புதிதா என்று பேஸ் கிற்றார்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கடைசியில் வட்டக்கச்சியில், பாடகனின் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தோம். வயல் ஓரத்தில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அங்கே அவனும் அவனுடைய அம்மாவும் மட்டும்தான். நாங்களும் அவரை அம்மா என்றே கூப்பிட்டோம்.

முதல் நாள் மெதுவாகத்தான் வாசித்தோம். அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தார். சரி, இங்கேயும் கதை முடிந்தது என்று நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏன் தம்பி பயந்து பயந்து அடிக்கிறியள்? நல்லாச் சத்தமா அடியுங்கோ. யன்னலையும் திறந்து விடுங்கோ" என்றார்.

"சனம் ஏசுமே அம்மா."

"ஏசட்டும். என்ரை மூத்தவன் எங்கையாவது கிட்டடியில இருந்தா, தம்பியின்ரை குரல் எண்டு கண்டுபிடிப்பான்."

மூத்த மகன் காணாமல் போனவன். போரின் கடைசி மாதங்களில் அம்மாவுக்குக் காயம் பட்டது. காயக்காரரை ஏற்றிய கப்பலில் அவரை அனுப்பிவிட்டார்கள். தகப்பன் முன்பே நோயில் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் கடற்கரையில் தனித்துவிட்டார்கள். மூத்தவனுக்குப் பதினெட்டு வயது, இளையவனுக்கு ஒன்பது. பிறகு வவுனியா முகாமுக்கு இளையவன் மட்டும் வந்து சேர்ந்தான். அம்மாவைக் கண்டதும் "அண்ணாவைக் காணேல்லை" என்று சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மா அத்தனை வருடமும் இருந்தார். காணவில்லை என்றால் தேடலாம், அல்லவா?

மகனின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தங்கள் பிள்ளைகளைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு வீதியோரப் பந்தலில் போய் இருப்பார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவார். வீட்டில் அந்தப் படம் கதிரையில்தான் இருக்கும். சுவரில் மாட்ட விடமாட்டார். பூ வைக்கமாட்டார், விளக்கும் ஏற்றமாட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரின் படத்துக்கு மாலை விழுந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

இப்படியாக வன்னியிலேயே எங்களுக்கு ஒரு ரசிகை கிடைத்தார். தேத்தண்ணியோடு வந்து கதவடியில் நின்று, "இண்டைக்குக் குரல் காணாது, இன்னும் சத்தமாப் பாடு" என்பார். பக்கத்துக் காணி ஐயா ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டபடியே வந்தார். "தம்பியவை, நீங்கள் என்னவெண்டாலும் கத்துங்கோ. அந்தக் காலால அடிக்கிறதை மட்டும் விடுங்கோ. நெஞ்சு பதறுது" என்றார். பாவம் மனிதர். அவர் மகள் வீட்டுக்குப் போகிற நாட்களாகப் பார்த்து அடித்தோம்.

பாடகன் கத்தி முடித்தால் சுருண்டு படுத்துவிடுவான், ட்ரம்ஸுக்குப் பக்கத்திலேயே, வெறும் நிலத்தில். ஆனையைக் கட்டி இழுத்தவன் மாதிரி என்ன களைப்பு உனக்கு என்று பகிடி பண்ணுவோம். "கத்தின அண்டைக்குத்தானடா எனக்கு நித்திரை வருது" என்று ஒருதரம் சொன்னான். அதையும் பகிடியாகத்தான் எடுத்தோம்.

அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. "அண்ணாவைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடன், அப்பன்" என்று மகனை அரிப்பார். "பாப்பம்" என்பான். வேறு எதற்கென்றாலும் பாட்டுக் கட்டுவான். வராத பூநகரி பஸ்ஸுக்குப் பாட்டு இருந்தது. மழை பொய்த்த வயலுக்குப் பாட்டு இருந்தது. நெல்லுக்கு விலை கேட்டு வருகிற தரகரைத் திட்டி ஒரு பாட்டு, அதை அம்மாவே சிரித்துச் சிரித்துக் கேட்பார். அண்ணனுக்கு மட்டும் இல்லை. அம்மா கேட்கிறா, ஒன்றைச் செய்யன்ரா என்று நாங்களும் விடாமல் அரித்தோம்.

ஒருநாள் செய்தான். அதில் சொற்கள் குறைவு. நடுவில் ஒரு நீண்ட கத்தல். மற்றப் பாட்டுகளில் எங்களைப் பார்த்துக் கண் காட்டிக்கொண்டு பாடுகிறவன், இதற்கு மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இதை ரவுனில பாடுங்கோ. கன சனம் கேக்கட்டும்" என்றார்.

கிளிநொச்சி ரவுனில் எங்களை யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும் கூப்பிட்டார்கள். இளைஞர்களுக்கென்று ஒரு கலைவிழா, அங்கே ஒரு மண்டபத்தில். வரவேற்பு நடனத்துக்கும் கவியரங்குக்கும் இடையில் எங்களைச் செருகியிருந்தார்கள். விழாக்குழுத் தலைவர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்கிறேன். அண்ணனுக்காகத் தம்பி பாடப்போகிற பாட்டு என்று கேள்விப்பட்டு அவருக்கு மனம் இளகிவிட்டது. அம்மா முதல் வரிசையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மேடையில் வழக்கம்போல மங்கல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா தண்ணீர் குடிக்க எழும்பிப் போகும்போது படத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். தலைவர் அதைக் கண்டார். பக்தியோடு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்து, மேடையில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் வைத்தார். விருந்தினர் ஒருவர் வராததால் மிஞ்சிய மாலை ஒன்று தட்டில் இருந்தது. அதை எடுத்துப் படத்துக்குப் போட்டார். வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளையின் படம் சுவரில் தொங்குகிற ஊர் இது. ஒரு தாய் படத்தோடு வந்தால் அந்த மனிதர் வேறு என்னத்தை நினைப்பார்? நான் ட்ரம்ஸுக்குப் பின்னால் குனிந்து ஆணி முறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மாலை விழுந்துவிட்டது.

அம்மா திரும்பி வந்தார். வெறுங்கதிரையைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். விறுவிறுவென்று படியேறி வந்து மாலையைப் பிடித்து இழுத்தார். நார் அறுந்து பூவெல்லாம் கொட்டியது.

"ஆர் போட்டது?"

"மரியாதைக்குத்தான் அம்மா..." என்றார் தலைவர்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலை போடுறதோ? உங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

தலைவர் அழத் தொடங்கிவிட்டார். பாடகன் மைக்கோடு வந்து அம்மாவின் தோளைப் பிடித்தான்.

"அவரை ஏசாதையுங்கோ அம்மா," என்றான். "அண்ணா செத்திட்டான். நான் பக்கத்தில நிண்டனான்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மைக் போட்டபடியே இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு அப்ப ஒன்பது வயது. நீ என்னத்தைக் கண்டனீ?" என்றார். படத்தைச் சீலையால் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவன் பின்னால் ஓடினான். நாங்கள் மூன்று பேரும் சாமான்களைக் கட்டினோம். எங்கள் முதல் கச்சேரியும் கடைசிக் கச்சேரியும் அதுதான், ஒரு பாட்டுக்கூடப் பாடாமல்.

ஏன் இத்தனை நாளும் மறைத்தான் என்று பாடகன் பிறகு என்னிடம் சொன்னான். முகாமில் அம்மா கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்து "அண்ணா எங்கை?" என்று கேட்டபோது அவனுக்கு வாய் வரவில்லையாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டானாம். நாளைக்கு நாளைக்கு என்று வருடங்கள் போய்விட்டன. "அம்மா சோறு தின்னுறதே அந்த நம்பிக்கையிலதான்ரா. நான் எப்பிடி அதைப் பறிக்கிறது?" என்று என்னைக் கேட்டான்.

அவன் பிறகு பாடவில்லை. நாங்களும் பாடு என்று கேட்கவில்லை. வெளிநாடு போய்விட்டான்; ஒரு குளிர் நாட்டில் உணவகத்துக் குசினியில் வேலை. கிற்றார்காரன் கொழும்பில் இருக்கிறான். பேஸ் கிற்றார்காரன் வயல் செய்கிறான், கிற்றாரைக் கேட்டால் எலி கடித்துவிட்டது என்பான். ட்ரம்ஸை ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன். இரட்டை மிதியை மட்டும் கொடுக்கவில்லை. தேவாலயத்தில் அது என்னத்துக்கு?

எங்கள் புகழ் என்று மிஞ்சியிருப்பது வட்டக்கச்சி வீட்டில் எடுத்த ஒரேயொரு வீடியோ. பாட்டின் பாதியில் கரண்ட் போய்விடும். கிற்றார் இரண்டும் அடங்கிப்போக, என்னுடைய அடியும் அவனுடைய குரலும் மட்டும் நிற்காமல் போகும். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு குரலா என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். என்னால் அதைக் கடைசி வரைக்கும் கேட்க முடிவதில்லை. பாட்டு என்று நினைத்துத்தானே அத்தனை நாளும் பின்னால் இருந்து தாளம் போட்டேன்?

அம்மா வட்டக்கச்சியிலேயே இருக்கிறார். விழாவுக்குப் பிறகும் பழையபடி பந்தலுக்குப் போய்வந்தார். மகன் கிழமைக்கு ஒருமுறை ஃபோன் எடுப்பான். சாப்பாடு, குளிர், மருந்து, அவ்வளவுதான் கதை. மண்டபத்தில் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

போன மாதம் ஒரு மத்தியானம் அம்மா என் கராஜுக்கு வந்தார். கதிரையைத் துடைத்துக் கொடுத்தேன். இருந்தார். சோடா வேண்டாம் என்றார், தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

"தம்பி, அவனுக்கு ஒருக்கா ஃபோன் எடு. நான் இங்க இருக்கிறன் எண்டும் சொல்லு. என்னால கேக்க ஏலாமல் கிடக்கு. நீ கேள்."

"என்னத்தை அம்மா கேக்கிறது?"

"மூத்தவன் கத்தினவனோ எண்டு கேள். அம்மா எண்டு கூப்பிட்டுக் கத்தினவனோ. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கையில் அப்பியிருந்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே அப்போது காலை. பாத்திரங்கள் முட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா என்ரை பக்கத்தில இருக்கிறாடா" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்கச் சொன்னதை அப்படியே கேட்டேன். பாத்திரச் சத்தம் தூரப் போனது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும்.

"இல்லையடா," என்றான். "அண்ணா சத்தமே போடேல்லை. உடன போயிட்டான். கத்தினது நான்தான். விடாமக் கத்திக்கொண்டே நிண்டனான். ஒருத்தரும் வரேல்லை."

அம்மா என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக் காதோடு வைத்தார்.

"என்ரை குஞ்சு," என்றார், "தனியவோ நிண்டனீ?"